ஆறு பஞ்சர் என்றார்கள், காற்று போனது ரிம் ஓரத்தில்

450 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு நான் 11,100 ரூபாய் கொடுத்திருக்கிறேன். பணம் போனது ஒரு பக்கம். அம்மாவையும் மகளையும் பின் சீட்டில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே குத்திய டயரில் சென்னைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் காரிலும் ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் அடிக்கடி காற்று இறங்குகிறது என்றால், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

எங்களுடையது ஏழு வருடம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக். டியூப்லெஸ் டயர் (உள்ளே டியூப் இருக்காது), இரும்பு ரிம். 2024 அக்டோபரில் பின்பக்க இடது சக்கரத்தில் காற்று குறைய ஆரம்பித்தது. திருச்சியில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பஞ்சர் கடையில் காட்டினேன். சின்ன ஆணி ஒன்று ஏறியிருந்தது. அந்தப் பையன் அதைப் பிடுங்கி என் கையிலேயே கொடுத்தான். துளையில் ரப்பர் திரி செருகி அடைத்து 150 ரூபாய் வாங்கினான். அவன்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஆணியைப் பார்த்ததும் தேடலை நிறுத்திவிட்டான். நானும் அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் மறுபடி டயர் தட்டையாக உட்கார்ந்திருந்தது.

காற்று அடித்து அடித்து ஓட்டினேன். நவம்பரில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்காகச் சென்னை கிளம்பினோம். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் காற்று பார்க்க நிறுத்தினேன். 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காட்டியது. எங்கள் காருக்கு 33 இருக்க வேண்டும். காற்று அடிக்கும் பையன், "சார், இந்த டயர்ல பஞ்சர் இருக்கு, இப்படியே ஹைவேல போகாதீங்க, பக்கத்துலயே கடை இருக்கு, பாத்துட்டுப் போங்க" என்றான். அக்கறையாகச் சொல்கிறான் என்றுதான் பட்டது. எந்த ஊர் என்று நான் எழுதவில்லை. இது ஒரு ஊரோடு நிற்கும் ஏமாற்று இல்லை. அதே சாலையில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பில் மண் விழக்கூடாது.

கடையில் இரண்டு பேர். ஒருவன் ஜாக்கி போட்டுத் தூக்கினான். சக்கரத்தைக் கழற்றவே இல்லை. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, கையில் ஒரு துணியோடு டயரைத் தடவிக்கொண்டே வந்தான். மற்றவன் என்னை முன்பக்கம் கூப்பிட்டான். "சார், இங்க வாங்க, முன் டயர் ஒரு பக்கமாத் தேயுது பாருங்க" என்று என்னைக் குனிய வைத்து ஐந்து நிமிடம் பேசினான். திரும்பி வந்தால் டயரில் நுரை. "ஒண்ணு இருக்கு சார்." அப்புறம் "இங்க இன்னொண்ணு." அப்புறம் மூன்று, நான்கு. மொத்தம் ஆறு. ஒவ்வொரு துளையிலும் குமிழ் வருவதைக் கண்ணால் பார்த்தேன், அதனால் சந்தேகமே வரவில்லை. ஒரு பஞ்சருக்கு 150, ஆறுக்கு 900 ரூபாய். ஆணியோ கம்பியோ ஒன்றையும் எடுத்துக் காட்டவில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

அம்மா கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், "ஏன்டா, கல்லை எடுக்குறேன்னு அவன் அந்த ஊசியைப் போட்டுக் குத்திக்கிட்டே இருந்தானே, அது எதுக்கு?" என்று கேட்டார். டயர் இடுக்கில் கல் மாட்டியிருக்கும், அதைத் தோண்டியிருப்பான் என்று சொல்லிவிட்டேன். அம்மா தன் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். அந்த நிமிடமே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகு முன்னைவிட வேகமாகக் காற்று இறங்கியது. டிசம்பரில் நகரத்தில் ஒரு பெரிய டயர் கடைக்குப் போனேன். ஏழு திரி போட்ட டயரைப் பார்த்ததும், இதில் இனிமேல் ஓட்டவே கூடாது என்றார்கள். அதில் தப்பில்லை, அது உண்மைதான். பின்னால் இரண்டையும் ஜோடியாக மாற்றுவது நல்லது என்றார்கள், அதையும் ஒப்புக்கொண்டேன். டயர் ஒன்று 4,300 வீதம் இரண்டுக்கு 8,600. அலைன்மென்ட், பேலன்சிங், நைட்ரஜன் என்று இன்னும் 1,000. மொத்தம் 9,600 ரூபாய். பழைய டயரை எடுத்துக்கொண்டு ஏதோ கழித்துத் தருகிறோம் என்றார்கள். இடதுபக்க டயரை மட்டும் நான் கொடுக்கவில்லை. மகள் ஊஞ்சல் கட்ட வேண்டும் என்று கேட்டிருந்தாள். நல்லவேளை, அதுதான் பின்னால் சாட்சியாக நின்றது.

புது டயர் போட்ட ஐந்தாம் நாள் மீட்டரில் 24.

போய்க் கேட்டேன். "புது டயர் ரிம்ல நல்லா உக்கார கொஞ்ச நாள் ஆகும் சார்" என்றார்கள். மறுபடி போனேன். "எங்கயாவது ஆணி ஏறியிருக்கும், பஞ்சர் போட்டுத் தரட்டுமா?" என்றார்கள். வீட்டுக்கு வந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. டிஓடி என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் 1822. அதாவது 2022-ஆம் வருடத்தின் 18-ஆவது வாரம் தயாரித்தது. இரண்டரை வருடம் கிடங்கில் கிடந்ததை முழு விலைக்குத் தலையில் கட்டியிருக்கிறார்கள். டயர் வாங்கும்போது ரிம்மில் மாட்டுவதற்கு முன்பே அந்த நான்கு எண்களைக் காட்டச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

அதற்கு அப்புறம்தான் சொந்தமாக ஒரு பிரஷர் மீட்டர் வாங்கினேன். தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் சூடாகாத நேரத்தில், நான்கு சக்கரத்தையும் அளந்து சமையலறைக் காலண்டரில் எழுதினேன். மற்ற மூன்றும் 33, 33, 33 என்று அசையாமல் நின்றன. இடது பின்சக்கரம் மட்டும் திங்கள் 33, செவ்வாய் 31, புதன் 29, வியாழன் 27. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே குறையும், அது இயல்பு. நான்கிலும் ஒரே அளவு குறைந்தால் பயப்பட வேண்டாம், காற்று அடித்தால் போதும். ஒன்றில் மட்டும் தினம் இரண்டு குறைகிறது என்றால் அதில் எங்கோ வழி இருக்கிறது. என் விஷயத்தில் டயர் மாறியும் இறக்கம் மாறவில்லை. அப்படியானால் கோளாறு டயரில் இல்லை.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, பல வருடமாக லாரி டயர் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். அவர் டயரைத் தொடக்கூட இல்லை. முதலில் வால்வு மூடியைத் திறந்து ஒரு துளி சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். குமிழ் வரவில்லை. வால்வின் ரப்பர் தண்டை விரலால் இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தார். அதில் வெடிப்பு இருந்தால் வளைக்கும்போது மட்டும் காற்று போகுமாம். மேலே சின்ன வெடிப்புகள் இருந்தன, ஆனால் கசியவில்லை. பிறகு சக்கரத்தைக் கழற்றி, 40 வரை காற்று அடித்து, தண்ணீர்த் தொட்டியில் படுக்க வைத்தார். "அவசரப்படாதீங்க தம்பி, கலங்குன தண்ணி தெளியட்டும்" என்றார்.

இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் டயரும் ரிம்மும் சேரும் ஓரத்தில், நான்கு விரல் நீளத்துக்கு, உலை கொதி வருவதற்கு முன் பாத்திர ஓரத்தில் பூக்குமே, அந்த மாதிரி பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. பெரிய குமிழ் இல்லை. மேலே சோப்புத் தண்ணீர் தெளித்து அவசரமாகப் பார்த்தால் கண்ணில் படவே படாது. "டயரைப் பாக்காதீங்க, ரிம்மைப் பாருங்க" என்றார்.

டயரைக் கழற்றியதும் தெரிந்தது. டயர் விளிம்பு அழுந்தி உட்காரும் இடத்தில் ரிம் முழுக்க துரு. பெயின்ட் பொருக்குப் பொருக்காகக் கிளம்பி, நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தது. ரப்பர் அங்கே ஒட்டி உட்காராமல் மேடும் பள்ளமுமாக நிற்கிறது, அந்த இடுக்கில் காற்று போகிறது. ஓர் இடத்தில் நெம்புகோல் பட்ட நீளமான கீறல் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் யாரோ டயரைக் கழற்றும்போது பெயின்ட் பெயர்ந்திருக்கிறது, மழைத் தண்ணீர் இறங்கி அங்கிருந்து துரு பிடித்துப் பரவியிருக்கிறது என்றார். எங்கள் தெருவில் மழைக்காலத்தில் சக்கரம் பாதி முழுகும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும், அதுவும் சேர்ந்திருக்கும்.

வயர் பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, பிரைமர் அடித்துக் காயவைத்து, விளிம்பில் சீலர் தடவி அதே டயரை மாட்டினார். வால்வையும் புதிதாகப் போட்டுவிட்டார். பாதி நாள் வேலை, 450 ரூபாய். அடுத்த ஒரு மாதத்தில் 33 என்பது 32 ஆனது, அவ்வளவுதான்.

அந்தப் பெரிய டயர் கடைமேல் எனக்கு இருக்கும் கோபம் இங்கேதான். பழைய டயரைக் கழற்றியது அவர்கள். அந்தத் துருப்பிடித்த ரிம்மை மிஷினில் ஏற்றிச் சுற்றியது அவர்கள். பேலன்சிங்குக்குத் தனியாகக் காசும் வாங்கினார்கள். பார்க்காமல் இருந்திருக்கவே முடியாது. ஒரு வார்த்தை சொல்லாமல் புது டயரை அதன்மேல் மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

பழைய டயரையும் பெரியவரிடம் காட்டினேன். உள்பக்கம் கையை விட்டால் ஏழு திரி வால்களும் விரலில் தட்டின. ஆணி ஏறிய முதல் துளை தனியாக ஒரு பக்கம் இருந்தது. மற்ற ஆறும் இரண்டு சாண் நீளத்துக்குள், ஜாக்கியில் நிற்கும்போது கைக்கு எட்டும் பக்கத்தில், எல்லாமே தடிப்பான ரப்பர் கட்டைகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில். திரி போடுவதற்கு முன் துளையை ராவி அகலப்படுத்துவார்கள், அதனால் துளையின் வடிவத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். ஆனால் ரோட்டில் கிடக்கும் ஆணி இப்படி வரிசையாக, பள்ளம் பார்த்து, பக்கத்தில் பக்கத்தில் ஏறாது. ரப்பர் மெலிசாக இருக்கும் பள்ளத்தில்தான் குத்தூசி சுலபமாக இறங்கும். அம்மா பார்த்தது அதைத்தான். அதிலும் ஒரு துளை பக்கவாட்டுக்கு ஒட்டி இருந்தது. டயர் வளைந்து நெளியும் இடம் அது, அங்கே பஞ்சர் போடவே கூடாது. அந்தத் திரி பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த டயரில் நாங்கள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறோம்.

இப்போது யோசித்தால், அன்றைக்குப் பங்கில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. 33-க்குக் காற்று அடித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு பிஎஸ்ஐ இறங்கும் டயர் சென்னை வரை தாராளமாகப் போகும். பெரிய கசிவாக இருந்திருந்தால் ஸ்டெப்னி மாற்றியிருக்கலாம். முன்பின் தெரியாத கடையில் அவசரத்தில் நிற்பதுதான் அவர்களுக்கு வசதி. அதனால் ஊருக்குக் கிளம்பும் முன் ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள், பெரும்பாலும் அதை மறந்துவிடுவோம். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று டிக்கியில் இருந்தால் இன்னும் நல்லது. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033-க்கு அழைக்கலாம்.

கடையில் நிற்கத்தான் வேண்டும் என்றால், சக்கரத்தைக் கழற்றித் தொட்டியில் முக்கச் சொல்லுங்கள். யார் எதற்குக் கூப்பிட்டாலும் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். டீ குடித்துவிட்டு வாங்க என்றால் போகாதீர்கள். முதல் குமிழ் வந்ததும் போனில் படம் எடுங்கள். குத்தியது என்ன என்று கேளுங்கள், ஆணியைக் கையில் வாங்குங்கள். கையில் ஊசியை வைத்துக்கொண்டு தடவினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். குறிப்பாகத் தனியாகக் கார் ஓட்டிப் போகும் பெண்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஆளை வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அவசரத்தில் இருப்பவர்களைப் பார்த்தால் இவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

டயர் கடை மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். ரசீது இருந்ததால் முடிந்தது. சில வாரம் கழித்துக் கடையிலிருந்து கூப்பிட்டு, அலைன்மென்ட் பேலன்சிங் என்று வாங்கிய 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். டயரின் தேதி விஷயத்தில் இறங்கி வரவில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, அதனால் அங்கே மனு கொடுக்கக் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பஞ்சர் கடைக்கு எதிராக என்னிடம் இருப்பது 900 ரூபாய் அனுப்பிய ஜிபே பதிவு மட்டும்தான். ரசீது கேட்காமல் விட்டது என் கையைக் கட்டிப்போட்டுவிட்டது.

பழைய டயர் கொல்லையில் கிடக்கிறது. ஊஞ்சலுக்கு வேறு கயிறும் பலகையும் வாங்கிவிட்டேன். போன வாரம் பழைய சாமான் வாங்குகிறவர் வந்து, மேல் ரப்பர் தேயாம நல்லா இருக்கே, விலை போகுமே, கொடுங்கள் என்றார். கொடுக்கவில்லை. படங்கள் எல்லாம் எடுத்தாயிற்று, ஆணையத்தில் டயரைக் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் நடுவில் அறுத்து இரண்டாக்கிவிடப் போகிறேன். இன்னொரு காரில் அது ஏறக்கூடாது.