என்பிடெல்: பொறியியல் முதலாமாண்டுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து அண்ணா பல்கலையின் இணைப்புக் கல்லூரியில் சேர்பவர்களை முதலாண்டில் திணறவைக்கும் தாள்களில் கணிதமும் பைத்தானும் உண்டு. இந்த இரண்டுக்கும் காசு கேட்காத துணைகளில் என்பிடெல்லைத்தான் முதலில் பரிந்துரைப்போம். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இணையவழி வீடியோப் பாடத் திட்டம் (NPTEL) இது. சான்றிதழை மறந்துவிட்டுப் பாடத்துக்காக மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், முதலாண்டில் அதுவே போதும்.

காலக்கணக்கு முதல் சிக்கல். என்பிடெல்லின் ஜூலைப் பருவத்துக்குப் பதிவு நடக்கும்போது பலருக்குக் கவுன்சலிங்கே முடிந்திருக்காது. அதனால் முதல் செமஸ்டரில் பழைய வீடியோக்களை யூடியூபில் பார்ப்பதுதான் வழி. பதிவு செய்வதை ஜனவரிப் பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கணிதத்தில் பலர் சறுக்குவது தேடும்போதே. 2025க்கு முன் சேர்ந்தவர்களுக்கான 2021 பாடத்திட்டத்தில் கணிதத் தாளின் முதல் அலகு அணிகள். அதற்காக ‘லீனியர் அல்ஜீப்ரா’ என்று தேடினால் வெக்டர் ஸ்பேஸ் நிரூபணங்களில் போய் மாட்டிக்கொள்வீர்கள். தேர்வுக்குத் தேவை ஐகன் மதிப்பு, கேலி-ஹாமில்டன் தேற்றம், இருபடி வடிவத்தைச் செங்குத்து உருமாற்றத்தால் சுருக்குவது. ஐஐடி கரக்பூரின் ‘இன்ஜினியரிங் மேத்தமேட்டிக்ஸ் 1’ இதற்கு நெருக்கமானது. அதிலும் தலைப்பு பார்த்து வேண்டிய வகுப்பை மட்டும் எடுங்கள். கருத்து நன்றாகப் புரியும், கை பழகாது. 16 மதிப்பெண் கணக்கைப் படிப்படியாக எழுதிப் பழகப் பழைய வினாத்தாள்தான் வேண்டும்.

பைத்தானுக்கு இரண்டு நல்ல பாடங்கள் உண்டு. நிரலாக்கமே தெரியாதவர் ஐஐடி ரோப்பரின் ‘ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்’கில் தொடங்கலாம். 12 வாரம், வேகம் மிதமானது. சிறுசேரி சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் 8 வாரப் பாடம் கூர்மையானது. மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடிக்கும் ஒரே கணக்கை எடுத்துக்கொண்டு, அதைப் படிப்படியாக வேகப்படுத்திக் காட்டித்தான் தொடங்குகிறார். அல்காரிதம் என்றால் என்ன என்பது அங்கேயே பிடிபட்டுவிடும். முதல் ஐந்து வாரத்திலேயே லிஸ்ட், டிக்‌ஷனரி, ஃபைல் எல்லாம் வந்துவிடுகின்றன. பேக்டிராக்கிங், டைனமிக் புரோகிராமிங் வரும் கடைசி மூன்று வாரங்கள் முதலாண்டுக்கு அவசியமில்லை.

நிரல் சரியாக இருந்தும் அசைன்மென்டில் பூஜ்யம் வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கல்லூரி லேபில் பழகியபடி input() கட்டளையின் அடைப்புக்குள் ‘எண்ணைக் கொடு’ என்று எழுதிவிடுவார்கள். அந்த வரியும் விடையோடு சேர்ந்து அச்சாகும். திருத்தும் மென்பொருள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் விடை தவறாகிவிடும். அடைப்பைக் காலியாக விடுங்கள்.

ஆங்கில உரை வேகமாகத் தோன்றினால் வகுப்பின் எழுத்து வடிவத்தை முதலில் படியுங்கள். பல பாடங்களுக்குத் தமிழிலும் உண்டு. ஆனால் தேர்வு ஆங்கிலக் கலைச்சொல்லில்தான் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதே நல்லது.

சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக் கட்டணம் ரூ.1,000. அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 10, தேர்வில் 30 தனித்தனியாக எடுத்தாக வேண்டும். டெலிகிராமில் வரும் விடைகளை நகலெடுத்து 25 வாங்கியவர்கள் தேர்வு மையத்தில் அந்த 30 எடுக்கத் திண்டாடுவது இதனால்தான். இரண்டாம் செமஸ்டரிலும் கணிதத்தில் அரியர் இருந்தால் பணம் கட்ட வேண்டாம், வீடியோவை மட்டும் பாருங்கள்.