கூண்டா, பேப்பரா, படலா, சங்கிலியா? நாய்க்குட்டியை வீட்டுக்குப் பழக்கும் நான்கு வழிகள்

சரவணம்பட்டியில் ஆறாவது மாடிக்கு இரண்டு மாத லேப்ரடார் குட்டி ஒன்றையும் அதற்கென ஒரு கம்பிக் கூண்டையும் ஒரே நாளில் கொண்டுவந்து இறக்கினேன். கோபியிலிருந்து வந்திருந்த அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, கூண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். உள்ளே கையை விட்டு அடித்தட்டைத் தட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, கூண்டுல போட்டு வளத்தறதுக்கு இது என்ன கிளியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் குட்டி சோபா காலடியில் உட்கார்ந்து ஒரு குளம் கட்டிவிட்டது.

எனக்கு இது மூன்றாவது நாய். முதலாவது மணி, அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில் சங்கிலியில் வளர்ந்த நாட்டு நாய். இரண்டாவது ஜூலி, உடுமலையில் மாடி வீட்டில் பேப்பரில் பழகிய ஸ்பிட்ஸ். இப்போது முத்து, முதலில் கூண்டு, பிறகு தட்டிகளை இணைத்த படல். மூன்று வீடு, மூன்று விதமான தரை. எது நல்ல முறை என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டு வாசலில் மண் இருக்கிறதா, பகலில் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பது அதனால்தான்.

முறைகளுக்குப் போகுமுன் குட்டியின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம். பிறந்த குட்டிகளைத் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். மூன்று வாரம் போல ஆனதும் குட்டி, படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப் போய் ஒன்றுக்குப் போகப் பார்க்கும். படுக்கிற இடத்தை நாறடிக்கக் கூடாது என்ற அந்தக் குணம் நாம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, கூடவே வருவது. அடுத்தது, அடக்கிவைக்கும் அளவு. எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அதிகபட்சம் என்பது பொதுக் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் தூங்கும்போது. விழித்து விளையாடும்போது அரை மணிக்கு ஒரு முறைகூட வரும். தூங்கி எழுந்ததும் வரும், சாப்பிட்டுக் கால் மணியில் வரும், ஓடி விளையாடி நின்றதும் வரும். இந்த மூன்று நேரங்களில் குட்டியைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சங்கிலியைச் சட்டென்று முடித்துவிடலாம், ஏனென்றால் அது பழக்கும் முறையே அல்ல. மணியைக் கட்டுத்தரைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தில் கட்டியிருப்பார்கள். சங்கிலி எட்டும் தூரம்தான் அவன் வீடு, சாப்பாட்டு இடம், கக்கூஸ் எல்லாம். பொழுது சாய்ந்து அவிழ்த்துவிட்டால் காட்டுக்குள் ஓடிப் போய்விட்டு வருவான். அது வரைக்கும் தாங்காத நாட்களில் வட்டத்துக்குள்ளேயே போய், அதன் பக்கத்திலேயே படுக்கவும் பழகிவிட்டான். ஒரு மழைநாளில் பாவம் பார்த்து ஆசாரத்துக்குள், அதாவது வீட்டுக் கூடத்துக்குள், விட்டோம். நேராகப் போய் நெல்மூட்டையின் மேல் காலைத் தூக்கினான். வீட்டுக்குள் வராத நாய்க்கு வீட்டுப் பழக்கம் எப்படி வரும்? குட்டியைச் சங்கிலியில் கட்டி வளர்ப்பதை இன்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து ஒருபுறம், கூடவே வந்த சுத்தம் அழிந்துபோவது மறுபுறம்.

பேப்பர் முறை அப்படியில்லை, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அறை முழுக்கப் பழைய பேப்பர் விரித்து, நாளுக்கு நாள் சுருக்கி, கடைசியில் ஒரு மூலையில் இரண்டு தாளில் கொண்டுவந்து நிறுத்துவது. செலவு ஏறக்குறைய இல்லை. ஜூலி மூன்றே வாரத்தில் பழகிவிட்டாள். ஆனால் உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. ஆடி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து, மொட்டை மாடியில் விரித்த பேப்பரைத் தூக்கி, கீழே கொடியில் காய்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரரின் வேட்டியில் ஒட்டிவிட்டது. ஈரத் தாள்தான். அந்த மாதம் வாடகையை நானே நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

வேட்டி கதை போகட்டும். இந்த முறையின் உண்மையான குறை வேறு. குட்டி கற்றுக்கொள்வது "வெளியே போ" என்பதை அல்ல, "இந்த மாதிரித் தரையில் போ" என்பதை. சிறு வயதில் காலுக்குப் பழகிய தரையை நாய் பிறகும் தேடும். மூன்று வயதிலும் ஜூலி தரையில் பேப்பர் கிடந்தால் உட்கார்ந்துவிடுவாள். மாமா கல்யாணத்துக்குக் கூப்பிட வந்து, கீழே வைத்த கல்யாணப் பத்திரிகைக் கட்டின் மேல் அவள் உட்கார்ந்ததை எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். மாமா மட்டும் சிரிக்க மாட்டார். குட்டி ஒன்றுக்குப் போக விரிக்கவென்று கடையில் விற்கும் உறிஞ்சு பேடுகளுக்கும் இதே கதைதான். பேடு மெத்தென்று இருப்பதால் பிறகு கால்மிதியும் பாயும் பேடாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

இனி கூண்டு.

கூண்டு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. படுக்கிற இடத்தை நனைக்கப் பிடிக்காத அந்தக் குணத்தைப் பயன்படுத்தி, நீங்கள் வந்து வெளியே கொண்டுபோகும் வரை குட்டியைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். கற்றுக்கொடுப்பது வெளியே கொண்டுபோகும் ஆள். இது புரியாமல் முதல் வாரம் நான் பட்டபாடு கொஞ்சமல்ல. வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று 42 அங்குலக் கூண்டு வாங்கியிருந்தேன். முத்து ஒரு மூலையில் சுருண்டு படுத்து, எதிர்மூலையில் ஒன்றுக்குப் போய், நிம்மதியாகத் தூங்கினான். அட்டைப்பெட்டிக்குள் கூடவே ஒரு கம்பித் தட்டி வந்திருந்தது. ஏதோ உபரிப் பாகம் என்று பரணில் போட்டுவிட்டேன். அதுதான் தடுப்பு. அதை உள்ளே மாட்டி, குட்டி நிற்கவும் திரும்பவும் கால் நீட்டிப் படுக்கவும் மட்டும் இடம் விட்டதும் அன்று இரவே நனைப்பது நின்றது. குட்டி வளர வளரத் தடுப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன்.

அடுத்த தவறு படுக்கை. திருப்பூரிலிருந்து வந்த பனியன் வேஸ்ட்டை ஒரு கைப்பிடி கனத்துக்கு விரித்திருந்தேன். நனைந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும், குட்டிக்கு ஈரமே தெரியாது. ஈரம் தெரியாவிட்டால் அடக்க வேண்டிய அவசியமும் இல்லையே! வேஸ்ட்டை எடுத்துவிட்டு மெல்லிய பாய்த்துண்டு போட்டேன். வேஸ்ட் தரை துடைக்கப் போயிற்று. அதற்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது.

கதவைப் பூட்டும் விஷயத்தில் அவசரம் கூடாது. முதல் மூன்று நாள் கதவு திறந்தே இருந்தது, சோற்றுத்தட்டை உள்ளே வைத்தேன். அப்புறம் சாப்பிடும் நேரம் மட்டும் சாத்துவது, அப்புறம் ஐந்து நிமிடம், அப்புறம் தூங்கிய பிறகு. இரவில் கூண்டை என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஹாலில் தனியாக விட்டால் அது ஒன்றுக்கு வருகிறது என்று அழுகிறதா, பயத்தில் அழுகிறதா என்று தெரியாது. பக்கத்தில் இருந்தால், தூங்கிக்கொண்டிருந்தது எழுந்து சுற்றிச் சுற்றி முனகினால் அது அவசரம் என்று தெரிந்துவிடும். இரவு 12 மணிக்கும் 3 மணிக்கும் அலாரம் வைத்தேன். தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். நடக்கவிட்டால் நாலாவது எட்டில் முடிந்துவிடும்.

எங்கே தூக்கிக்கொண்டு போவது என்பதுதான் அடுக்குமாடியின் சிக்கல். தடுப்பூசிகள் ஒன்றரை, இரண்டு மாதத்தில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில் நாலு மாதம் வரை நீளும். அதுவரை தெருநாய்கள் புழங்கும் மண்ணில் குட்டியை இறக்கினால் பார்வோ என்ற, உயிரையே எடுக்கக்கூடிய வைரஸ் நோய் வரலாம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் பால்கனியில் அகலமான பிளாஸ்டிக் தட்டில் தென்னை நார்த்தூளைப் பரப்பினேன். பொள்ளாச்சிப் பக்கம் அதற்குப் பஞ்சமா என்ன, ஐந்து கிலோக் கட்டி ஒன்று தண்ணீரில் ஊறினால் இரண்டு அண்டா நிறையும். உறிஞ்சும், பறக்காது, காலுக்கு மண் மாதிரியே இருக்கும். நாலு மாதம் ஆனதும் நனைந்த தூளில் ஒரு கைப்பிடியைக் கீழே கொண்டுபோய், மதில் ஓரத்தில் போட்டேன். முத்து மோந்து பார்த்தான், ஒரு சுற்று சுற்றினான், உட்கார்ந்தான். உட்கார்ந்து எழுந்த மறுநொடி வாயில் ஒரு துண்டு வெந்த கோழி. வீட்டுக்கு வந்து கொடுத்தால் லிஃப்டில் ஏறியதற்குத்தான் கோழி என்று நினைத்துக்கொள்வான்.

இவ்வளவு சொன்னபிறகும், அம்மாயி கேட்டதில் பாதி சரிதான். காலை ஒன்பதுக்குப் பூட்டி மாலை ஆறுக்குத் திறப்பவர்கள் கூண்டு வாங்க வேண்டாம். இரண்டு மாதக் குட்டியால் ஒன்பது மணி நேரம் முடியாது. உள்ளேயே போகும், நாலு நாளில் அருவருப்பு போய்விடும், பிறகு கூண்டு அதற்குக் கக்கூஸ்தான். கடையில் கம்பிக்கூண்டிலேயே பேண்டு பழகி வரும் குட்டிகளுக்கும் கூண்டு முறை சரிவராமல் போவது இதனால்தான். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வீட்டில் நாயைக் கூண்டில் அடைத்து வைப்பதற்குச் சட்டத்திலேயே தடை உண்டு, பயணம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவிலோ இது சர்வசாதாரணம். இப்படி ஊருக்கு ஊர் மாறும் விஷயத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பகலுக்கு நான் போனது படலுக்கு. ஆட்டுக்குட்டிகளை மறித்து வைக்கப் பட்டியில் படல் வைப்பார்கள் இல்லையா, அதே யோசனைதான். கிரில் பட்டறையில் சொல்லி இரண்டரை அடி உயரத்தில் ஆறு தட்டிகள் செய்து, கீல் வைத்து இணைத்துக்கொண்டேன். கூண்டு வாங்கிய காசில் முக்கால்வாசிதான் ஆயிற்று. ஒரு கோடியில் படுக்கையும் தண்ணீரும், மறுகோடியில் நார்த்தூள் தட்டு. யாரும் ஓடி வராவிட்டாலும் குட்டி தானாகப் போய்விட்டு வந்து படுக்கலாம். பழகுவது கூண்டைவிட மெதுவாகத்தான் நடக்கும், ஏனென்றால் வீட்டுக்குள் போகலாம் என்ற அனுமதி அதில் இருக்கிறது. ஆனால் குட்டிக்கு வதை இல்லை.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரவுக்குக் கூண்டுக்கு நிகர் எதுவும் இல்லை. பகலில் ஆள் இல்லாத வீட்டுக்குப் படல். கையில் காசு இல்லை, வாசலிலும் மண் இல்லை என்றால் பேப்பர், கல்யாணப் பத்திரிகைகளை மேலே எடுத்து வைத்துக்கொண்டு. வெயிலில் கூண்டுதான் கடைசி. சித்திரையில் ஈரோட்டில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. சிமெண்ட் ஷீட்டுக்கு அடியிலோ மொட்டை மாடியிலோ கம்பிக்கூண்டில் குட்டியை வைத்தால் மூச்சு வாங்கியே செத்துவிடும். இருட்டாக இருக்கட்டும் என்று போர்வையால் நாலு பக்கமும் மூடுவது குளிர் நாட்டு வழக்கம், இங்கே ஒரு பக்கம் போதும். அந்த மாதங்களில் ராத்திரி நனைக்குமே என்று தண்ணீரையும் குறைக்காதீர்கள்.

தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கு நான் இதில் எதையும் சொல்வதில்லை. வாசலைத் தாண்டினால் மண், வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கிற இடத்தில் இடுப்பில் ஒரு கயிறு கட்டி மறுமுனையைக் குட்டிக்குக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தால் போதும். அது மோந்து சுற்ற ஆரம்பித்ததும் கயிறு சொல்லிவிடும்.

எந்த முறையானாலும் இரண்டு விஷயங்கள் எல்லாவற்றையும் கவிழ்க்கும். ஒன்று, பால்சோறு. குட்டி என்றால் மாட்டுப்பால் ஊற்றித்தான் வளர்ப்போம். பல குட்டிகளுக்கு அது செரிக்காமல் பேதியாகும், பேதிக்கு நேரம் காலம் கிடையாது. மற்றது பினாயில். நமக்கு வாசம் போய்விடும், நாய்க்குப் போகாது, அடுத்த முறையும் அதே இடத்தைத் தேடி வரும். போதாததற்கு, குட்டி நக்கினால் பினாயில் கெடுதல். சோப்புத் தண்ணீரில் கழுவி, நாய் மூத்திரத்துக்கென்றே விற்கும் என்சைம் திரவத்தை ஊற்றி ஊறவிட்டுத் துடைக்கலாம். வினிகர் கலந்த தண்ணீரும் கேட்கும், ஆனால் மார்பிள் தரையில் ஊற்றினால் மெருகு போய்விடும். மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். மணிக்கு நாங்களும் செய்தோம். அதனால் அவன் கற்றுக்கொண்டது ஆள் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போவதை மட்டும்தான்.

முத்து ஆறு மாதத்தில் நம்பகமாகிவிட்டான். நடுவில் மழைநாட்களில் இரண்டு முறை சறுக்கினான், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது வயது ஒன்றேகால். கூண்டின் கதவைக் கழற்றிவிட்டோம். மத்தியானம் தானாக உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறான். போன மாதம் அம்மாயி வந்தபோது கூண்டின் மேல் தன் வெற்றிலைப் பையையும் மாத்திரை டப்பாவையும் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டார்.