அரச ஊதாவுக்கு எந்த முள் சங்கு?

ரோமப் பேரரசர்களின் ஊதா உடைக்குச் சாயம் தந்தவை மத்தியதரைக் கடலின் முள் சங்குகள். போலினஸ் பிராண்டாரிஸ், ஹெக்ஸாப்ளெக்ஸ் ட்ரங்குலஸ் என்ற இரண்டும்தான் அதில் பெரிய கைகள். இரண்டையும் ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள், அது சரியில்லை.

ஓட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிராண்டாரிஸுக்கு அகப்பைக் காம்பு மாதிரி நீண்ட வால், சுற்றிலும் இரண்டு வரிசைக் கூர்முட்கள். ட்ரங்குலஸின் வால் குட்டை. முட்களும் பல ஓடுகளில் வெறும் புடைப்போடு நின்றுவிடும். அழகுக்கு பிராண்டாரிஸ்தான்.

வேட்டையில் என் ஓட்டு ட்ரங்குலஸுக்கு. சிப்பி மேல் ஏறி உட்கார்ந்து, காலடியில் சுரக்கும் திரவத்தால் ஓட்டை இளக்கும். பிறகு நாக்கிலுள்ள நுண்பற்களால் சுரண்டும். மறுபடி திரவம், மறுபடி சுரண்டல். அவசரமே கிடையாது, துளை விழ மணிக்கணக்கில் ஆகும். இரையில்லாமல் தொட்டியில் நெருக்கி அடைத்தால் தன் இனத்தையே துளைத்துவிடும். செத்தால் சாயம் தரும் சாறு வீணாகும் என்பதால் சாயக்காரர்கள் இவற்றை உயிரோடு அடைத்து வைத்தார்கள். கிரீட் தீவின் பழைய சாயக் கழிவில் துளை விழுந்த ஓடுகள் கிடைப்பது அதனால்தான். பிராண்டாரிஸும் ஊன் தின்னிதான். செத்த மீன் கிடைத்தால் அதுவே போதும் என்று இருந்துவிடும்.

சாயத்துக்கு வருவோம். இரண்டிலும் சுரப்பிச் சாறு முதலில் நிறமில்லாமல்தான் இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் பச்சை, நீலம், ஊதா என்று மாறும். நாற்றம் குடலைப் புரட்டும். 1909இல் வேதியியலாளர் பால் ஃப்ரீட்லேண்டர் 12,000 பிராண்டாரிஸ் நத்தைகளை உடைத்து எடுத்தது வெறும் 1.4 கிராம் சாயம். அது டைபுரோமோ இண்டிகோ, அதாவது அவுரி நீலமான இண்டிகோவில் புரோமின் சேர்ந்த சாயம் என்று அவர்தான் கண்டுபிடித்தார். புரோமின் கூடக்கூடச் சிவப்பேறும். அதனால் பிராண்டாரிஸ் தருவது செவ்வூதா. ட்ரங்குலஸில் சாதாரண இண்டிகோவும் கலந்திருப்பதால் நீலப் பக்கம் சாயும். சாயத் தொட்டியை வெயிலில் வைத்தால் புரோமின் கழன்று சுத்த நீலமே கிடைக்கும். 1980களில் இஸ்ரேலில் வேதியியலாளர் ஓட்டோ எல்ஸ்னர் இதைக் காட்டினார். யூதர்களின் புனித நீலச் சாயமான தெகேலெத் இந்த நத்தையிலிருந்துதான் வந்தது என்ற வாதத்துக்கு இதுவே பெரிய பலம்.

பேரரசர் கேட்கும் சிவந்த ஊதா மட்டும் போதுமென்றால் பிராண்டாரிஸ். ஒரே நத்தையில் ஊதா, நீலம் இரண்டும் வேண்டுமா, ட்ரங்குலஸை எடுங்கள்.

சாப்பாட்டில் மட்டும் பிராண்டாரிஸ் முந்திக்கொள்கிறது. ஸ்பெயினின் சான் ஃபெர்னாண்டோவில் அதை உப்புநீரில் வேகவைத்துத் தின்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கே நத்தையின் பெயர்தான், கன்யாயிய்யா.