980 ரிங்கிட் வாங்கிக்கொண்டு பழைய எஸ்எஸ்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள்: கோலாலம்பூரில் லேப்டாப்பைக் கடையில் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனால் போகிறது" என்று நானும் விட்டுவிடுவேன், அந்தக் கடைக்காரர் அடுத்த ஆளிடம் இதே வேலையைக் காட்டுவார். என்னிடமிருந்து போனது 980 ரிங்கிட். இன்று மத்தியானம் கடைசியாகப் போய்க் கேட்டபோது, ஒரு காசும் திரும்பாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, விவகாரம் புகாராகப் போகப்போகிறது. கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில், லேப்டாப்பும் கைப்பேசியும் பழுதுபார்க்கிற சின்னக் கடை. முன்னால் கண்ணாடி கவுன்டர், பின்னால் திரை போட்ட ஒரு சின்ன அறை. அந்த அறையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மென்பொருள் எழுதுகிறவள். பகலில் அலுவலக வேலை. இரவில் சொந்த லேப்டாப்பில், மஸ்ஜித் இந்தியா பக்கம் இருக்கும் ஒரு துணிக்கடைக்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் செய்துகொண்டிருக்கிறேன். லேப்டாப்பில் இருந்தது 512 ஜிபி டிஸ்க். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது எதற்குக் காணும்? டாக்கர் இமேஜ்கள் ஒரு பக்கம், ஆண்ட்ராய்டு எமுலேட்டர் ஒரு பக்கம், ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனித்தனியாக ஒரு நோட் மாட்யூல்ஸ் மூட்டை. பில்டு, அதாவது எழுதிய கோடை ஓடும் மென்பொருளாக மாற்றும் வேலை, ஓடிக்கொண்டிருக்கும்போதே "இடமில்லை" என்று நின்றுவிடும். எதையாவது அழித்து இடம் பண்ணி, மறுபடி பில்டு கொடுத்து, மறுபடி நிற்கும். அதனால்தான் 2 டிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்) போடலாம் என்று முடிவெடுத்தேன். மின்விசிறியும் இரைந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒரே கடையில் முடித்துவிடலாம் என்று போனேன்.

கவுன்டரில் இருந்தவர் நம்மவர். தமிழில் பேச ஆரம்பித்ததுமே மனசு லேசானது. என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். "நம்ம பிள்ளைங்க படிச்சு இந்த வேலைக்கெல்லாம் வர்றதப் பார்த்தா சந்தோஷமா இருக்கு தங்கச்சி" என்றார். அவருடைய மகளுக்கும் ஆறாம் வகுப்பு யூபிஎஸ்ஆர் தேர்வுக் காலத்திலிருந்தே கணினி என்றால் உயிர், அவளுக்கு எந்தக் கோர்ஸ் நல்லது என்று என்னிடம் யோசனை கேட்டார். கவுன்டரில் நின்றபடியே அவருக்கு விளக்கிச் சொன்னேன். கீழே கடையிலிருந்து தே தாரேக் வரவழைத்துக் கொடுத்தார். சீல் வைத்த பெட்டியை என் கண் முன்னால் பிரித்து, ஸ்டிக்கரைக் காட்டி, "அஞ்சு வருஷ வாரண்டி, கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். டிஸ்க் 850, குளோன் எடுத்து (பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதற்கு நகலெடுத்து) மின்விசிறியைச் சுத்தம் செய்ய 130. ஆக 980 ரிங்கிட். கைப்பேசியில் டூயிட்நவ் க்யூஆரை ஸ்கேன் செய்து அங்கேயே கட்டினேன்.

அப்புறம் டிஸ்க்கையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு அந்தத் திரைக்குப் பின்னால் போனார். குளோன் எடுக்கும் மெஷின் உள்ளேதான் இருக்கிறதாம்.

லேப்டாப் திரும்பி வந்தபோது இன்னொன்று சொன்னார். "பழைய டிஸ்க் ஒரு வாரம் எங்ககிட்டயே இருக்கட்டும் தங்கச்சி. குளோன்ல ஏதாச்சும் விட்டுப்போயிருந்தா அதிலேர்ந்து எடுத்துத் தரலாம்." பேக்கப் வைத்திருப்பதுதான் ஒழுங்கான வேலை என்று தினமும் மற்றவர்களிடம் சொல்கிற தொழில் என்னுடையது. அந்த வார்த்தையைக் கேட்டதும், வேலை தெரிந்த மனிதர் என்று மரியாதைதான் வந்தது. அந்த மரியாதையை அவர் என்ன செய்தார் என்று நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

முதலில் எல்லாம் நன்றாக ஓடியது. பிறகு டாக்கரில் ஓடிய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தானாக நின்றது. லாக்கில் ஏதோ ஒரு பக்கத்தைப் படிக்க முடியவில்லை என்றிருந்தது. கோடின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்டில் கட்டளை கொடுத்தால், சேமித்த ஆப்ஜெக்ட் கெட்டுப்போயிருக்கிறது என்றது. டாக்கர் பதிப்பை மாற்றினேன். இயங்குதளத்தின் மையமான கெர்னலின் அப்டேட்தான் காரணமோ என்று பழைய கெர்னலுக்குப் போனேன். ரேம் மீது சந்தேகம் வந்து இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. புதுசாக வாங்கிய டிஸ்க்கை யார் சந்தேகப்படுவார்கள்? கடைசியில் ஒரு ராத்திரி, ஒரு கோப்பைச் சேமிக்கப் போனால், "படிக்க மட்டும்" என்று டிஸ்க் மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. நான் வைத்திருக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில், டிஸ்க்கில் எழுதும்போது கடுமையான பிழை வந்தால், இருப்பதாவது கெடாமல் இருக்கட்டும் என்று கோப்பு முறைமையே எழுதுவதை நிறுத்திவிடும்.

அலுவலகத்தில் சிஸ்டம் பார்க்கும் நண்பர், "ஸ்மார்ட்சிடிஎல் போட்டுப் பாருங்க" என்றார். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கருவி அது. போட்டேன். ஓடிய நேரம்: 19,400 மணிக்கு மேல். அதாவது இராப்பகலாக இரண்டு வருஷத்துக்கும் மேல் ஓடிய டிஸ்க். பயன்படுத்திய சதவீதம்: 103. எஸ்எஸ்டியின் செல்களில் இவ்வளவு முறைதான் எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு. தயாரிப்பாளர் போட்ட அந்தக் கணக்கையே தாண்டிப் போனால் எண் 100-ஐத் தாண்டும். செல்கள் தேயத் தேய, ஒதுக்கி வைத்திருக்கும் உபரி இடத்திலிருந்து எடுத்துத்தான் டிஸ்க் சமாளிக்கும். அந்த உபரி 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆபத்து என்று அந்த டிஸ்க்கே எல்லை வைத்திருந்தது. மிச்சம் இருந்தது 4. எங்கோ ஒரு சர்வரில் உழைத்து ஓய்ந்ததைக் கொண்டுவந்து புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். டிஸ்க்குக்குள் மின்னணு முறையில் பதிந்திருந்த சீரியல் எண் வேறு, ஸ்டிக்கரில் இருந்த எண் வேறு. மாடல் பெயர்கூட வேறு.

இந்த எண்களை அச்செடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தே தாரேக் கொடுத்த மனிதர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாஸ் சைனாவுக்குப் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறோம் என்றார். அடுத்த முறை, சப்ளையரிடம் கேட்டிருக்கிறோம் என்றார். வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் நீல டிக் ஆனது, பதில் இல்லை. ஒரு நாள் பதில் வந்தது: "நீங்க லினக்ஸ் போட்டதாலதான் டிஸ்க் போச்சு. விண்டோஸ் போட்டிருந்தா வாரண்டி கொடுத்திருப்போம்." எந்த இயங்குதளம் போட்டாலும், கையில் கொடுத்துக் கொஞ்ச நாளில் ஒரு டிஸ்க் 19,400 மணி நேரம் ஓடியதாகக் காட்ட முடியுமா? இதை நேரில் கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "உங்களுக்கு இதெல்லாம் புரியாது தங்கச்சி. வீட்ல அண்ணன் யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க, கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளா."

மகளுக்கு எந்தக் கோர்ஸ் நல்லது என்று என்னிடம் யோசனை கேட்ட அதே வாய்.

980 ரிங்கிட்டை விட என்னை உலுக்கியது பழைய டிஸ்க். அதையாவது கொடுங்கள் என்றேன். "அத வேலைக்கு இருந்த பையன் எடுத்துட்டுப் போயிட்டான், அவன் இப்ப இங்க இல்ல." நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் டிஸ்க், சர்வர்களுக்குள் நுழைய நான் வைத்திருந்த எஸ்எஸ்எச் சாவிகளோடு, துணிக்கடையின் டேட்டாபேஸ் கடவுச்சொல்லோடு, யார் கையில் இருக்கிறது என்று தெரியாது. கோட் எல்லாம் கிட் சர்வரில் ஏற்றியிருந்ததால் தப்பியது. ஆனால் ஒவ்வொரு சாவியையும் ரத்து செய்து, புதிதாக உருவாக்கி, துணிக்கடை முதலாளியைக் கூப்பிட்டு, "ஐயா, உங்கள் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியிருக்கிறது" என்று சொல்லும்போது எனக்கு நாக்கு எழவில்லை. அவர் என்னை நம்பிக் கொடுத்தது அது.

இன்று மத்தியானம் நேராகவே கேட்டேன், என் 980 ரிங்கிட்டைத் திருப்பித் தருவீர்களா மாட்டீர்களா. ரசீதின் அடியில் அச்சடித்திருந்த வரியை விரலால் காட்டினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. அவ்வளவுதான். ரசீதில் எழுதியிருந்ததும் "எஸ்எஸ்டி 2 டிபி" என்பது மட்டும். பிராண்டு இல்லை, சீரியல் எண் இல்லை.

அந்த வரியைக் காட்டினால் பயந்து போய்விடாதீர்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதத்தை ரசீதில் ஒரு வரி அச்சடித்து நீக்கிவிட முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி போராங் 1 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரைக்கும் அங்கே கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நான் அதைத்தான் செய்யப்போகிறேன். டூயிட்நவ் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், ஸ்மார்ட்சிடிஎல் அறிக்கை, இரண்டு சீரியல் எண்களும் தெரியும் படம், எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். ரசீதில் பிராண்டும் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள், எழுதாவிட்டால் பணம் கட்டாதீர்கள். டிஸ்க் போட்டதும் கவுன்டரிலேயே ஓடிய நேரத்தைப் பாருங்கள். விண்டோஸ்காரர்களுக்கு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இருக்கிறது, இலவசம். புது டிஸ்க்கில் அந்த எண் ஒன்றிரண்டு மணிக்குள்தான் இருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் எடுத்துப் போனால் கூடவே போங்கள், விடமாட்டேன் என்றால் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள். பழைய டிஸ்க்கை எந்தக் காரணம் சொன்னாலும் அங்கே விட்டு வராதீர்கள், அன்றே கையோடு வாங்கிவிடுங்கள்.

இதே மாதிரி "ஒரு வாரம் இருக்கட்டும்" என்று பழைய டிஸ்க்கை வைத்துக்கொண்ட கடையில் யாராவது மாட்டியிருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். ஒரே கடையாக இருந்தால் நீங்களும் உங்கள் பங்குக்கு ஒரு போராங் 1 போடுங்கள்.