ஃபிளாட்டா, முப்பதா, நாற்பத்தைந்தா: செஸ்ட்டுக்கு எந்த பெஞ்ச்?

வேலூரில் சத்துவாச்சாரியோ காட்பாடியோ தொரப்பாடியோ, திங்கட்கிழமை சாயங்காலம் ஜிம்முக்குப் போனால் ஃபிளாட் பெஞ்ச் காலியாகக் கிடைக்காது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர், "எல்லாம் செஸ்ட்தானே" என்று பக்கத்தில் சும்மா கிடக்கும் இன்க்ளைனில், அதாவது தலைப்பக்கம் உயர்ந்த சாய்வு பெஞ்சில், போய்ச் சாய்ந்துவிடுவார். செஸ்ட்தான், ஆனால் வேலை விழும் இடம் மாறுகிறது.

மார்புத் தசை விசிறி போல விரிந்தது. மேல் நார்கள் காறை எலும்பிலிருந்தும், மற்றவை நெஞ்செலும்பு, விலாப் பக்கமிருந்தும் கிளம்பி, எல்லாம் மேல்கை எலும்பில் சேர்கின்றன. பெஞ்ச் நிமிர நிமிர சுமை மேல் நார்களுக்கு ஏறும். இன்னும் நிமிர்ந்தால் முன் தோள் பங்கு கேட்டு வந்துவிடும்.

ஃபிளாட்டின் பலம் எடைதான். இன்க்ளைனில் இவ்வளவு பிளேட் ஏற்ற முடியாது. நடுமார்புக்கும் கீழ்மார்புக்கும் இதுவே போதும். சதீஷ் சிவலிங்கம் நம்ம சத்துவாச்சாரிக்காரர், 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்ட்டிலும் 77 கிலோ பிரிவில் காமன்வெல்த் தங்கம் வாங்கியவர். அவர் பெயரைச் சொல்லி பெஞ்ச் போடும் பையன்கள் உண்டு. ஆனால் அவருடைய பளுதூக்குதல் போட்டியில் ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் இரண்டுதான். படுத்துத் தூக்கும் வேலையே கிடையாது. பெஞ்ச் பிரஸ் பவர்லிஃப்டிங் என்ற வேறு போட்டியைச் சேர்ந்தது, அங்கே ஃபிளாட் மட்டும்தான். போட்டி ஆசை இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

உடம்பு அமைப்புக்காகத் தூக்குகிறவர்களுக்குத்தான் நிஜமான சண்டை: இன்க்ளைனின் சாய்வு முப்பது டிகிரியா, நாற்பத்தைந்தா? என் ஓட்டு முப்பதுக்கு. 2020ல் வெளியான ஒரு ஸ்பெயின் ஆய்வில் 0, 15, 30, 45, 60 டிகிரிகளில் தூக்க வைத்து, தசைகளின் மின் அசைவை அளந்தார்கள். மேல்மார்பு அதிகம் உழைத்தது 30 டிகிரியில். 45ஐத் தாண்டியதும் முன் தோளின் பங்கு ஏறி, மார்பின் பங்கு இறங்கியது. 45 வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அதிலும் மேல்மார்பு வளரும். ஆனால் பல ஜிம்களில் பற்றவைத்து நிறுத்தியிருக்கும் இன்க்ளைன் ஸ்டாண்டு 45ஐ ஒட்டியோ அதற்கும் மேலோ இருக்கும். அதில் நாலு செட் முடித்துவிட்டு அடுத்து ஷோல்டர் பிரஸ்ஸும் போட்டால், முன் தோளுக்கு ஒரே நாளில் இரண்டு வேலை. தோளில் ஏற்கெனவே சுருக்கென்று குத்தும் ஆளாக இருந்தால், 15 முதல் 30க்குள் டம்பெல்ஸ் எடுத்து, முழங்கையை உடம்புப் பக்கம் கொஞ்சம் அணைத்துத் தூக்கிப் பார்க்கலாம். குத்தல் தொடர்ந்தால் டாக்டரிடம்தான் போகவேண்டும், மாஸ்டரிடம் இல்லை.

இன்க்ளைனுக்கு மாறும்போது ஃபிளாட் கணக்கிலேயே பிளேட் மாட்டக்கூடாது. எடை குறையத்தான் செய்யும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ராடும் இறங்க வேண்டிய இடம் நடுமார்பு அல்ல, காறை எலும்புக்குச் சற்றுக் கீழே.

தலைப்பக்கம் தாழ்ந்த டிக்ளைன் பெஞ்ச்? ஃபிளாட் ஒழுங்காகப் போடுகிறவருக்கு அது தேவையே இல்லை. தலைகீழாகத் தொங்கி ரத்தம் ஏறுவதுதான் மிச்சம். பிரஷர் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, முப்பது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அட்ஜஸ்டபிள் பெஞ்சின் ஓட்டைகளில் பெரும்பாலும் டிகிரி எழுதியிருக்காது. போனில் லெவல் பார்க்கும் ஆப்பைத் திறந்து, முதுகுப் பலகை மேல் நீளவாக்கில் வையுங்கள், எண் வந்துவிடும். உட்காரும் பலகையையும் ஒரு ஓட்டை தூக்கி விடுங்கள். நம்ம ஊர் மே மாதத்தில் ரெக்ஸின் மேல் வியர்வை ஊறி, மூன்றாவது ரெப்பிலேயே இடுப்பு கீழே வழுக்கும். வழுக்கினால் இடுப்பைத் தூக்கி முதுகை வளைக்கிறோம். அப்போது பெஞ்ச் முப்பதில் இருந்தாலும் நெஞ்சு கிட்டத்தட்ட ஃபிளாட்டில்தான் இருக்கிறது. ஒரு துண்டை விரித்துப் படுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.