நெகட்டிவ் அயான் + ஓசோன் மெஷின், பாத்ரூம் நாத்தத்துக்கு வாங்கினது: 1 ஸ்டார்

பாத்ரூம்ல அழுகுன முட்டை நாத்தம் தாங்கலன்னு ஆன்லைன்ல இத வாங்குனேன். டப்பால "ஒரு சிசி காத்துக்கு 1 கோடி நெகட்டிவ் அயான், கூடவே ஓசோன், கந்தக நாத்தம் நொடியில காலி"ன்னு போட்டிருந்துச்சு. (நெகட்டிவ் அயான்னா கூடுதலா எலக்ட்ரான் பிடிச்சு சார்ஜ் ஏறுன அணு அல்லது மூலக்கூறு.) எம்எஸ்சி கெமிஸ்ட்ரி படிச்சவன் நான், நானே விழுந்துட்டேன் பாருங்க.

ஏன் விழுந்தேன்னா அதுல பாதி உண்மை. கந்தக அயானும் ஓசோனும் மோதுனா ரியாக்‌ஷன் செம வேகம். 1960கள்லயே அமெரிக்காவுல போல்டர்ங்குற ஊர் லேப்ல ஃபெர்குசன்ங்குற விஞ்ஞானியோட குரூப், ஹீலியம் ஓடுற குழாய்க்குள்ள அயான விட்டு அயான் ரியாக்‌ஷன் வேகத்தையெல்லாம் அளந்தாங்க. உதாரணமா சல்ஃபர் டை ஆக்சைடுங்குற கந்தக வாயு கூடுதல் எலக்ட்ரான பிடிச்சு வச்சிருக்குற பலம் 1.1 எலக்ட்ரான் வோல்ட்தான் (ஆற்றலை அளக்குற அலகு), ஓசோனுக்கு 2.1, அதனால கிட்ட வந்தா ஓசோன் அந்த எலக்ட்ரான பிடுங்கிக்க முடியும். ஆனா அப்படி பிடுங்குனா சல்ஃபர் டை ஆக்சைடு முழுசா அப்படியேதான் நிக்கும், சார்ஜ் மட்டும்தான் கை மாறுச்சு, நாத்தம் எங்க போகும்?

நம்ம முட்டை நாத்தத்துக்கு காரணம் வேற ஒரு கந்தக வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. சார்ஜ் இல்லாம அது ரூம் காத்துல ஓசோனோட ஆமை வேகத்துலதான் சேரும். சரி, டப்பா கணக்கையே நம்புவோம்: அந்த வாயு வெறும் 1 பிபிபி (காத்துல 100 கோடியில ஒரு பங்கு) இருந்தாலே ஒரு சிசிக்குள்ள 2500 கோடி மூலக்கூறு, இவங்க விடுறது 1 கோடி அயான். ஒரு அயானுக்கு 2500 மூலக்கூறு! அதுவும் அயான் செவுத்துல பட்டா அதோட கதை முடிஞ்சுது.

ஓசோன் மட்டும் நல்லா வேல செஞ்சுது, வேற இடத்துல. மெஷின் பக்கத்துல ஷேம்பூ பாக்கெட்ட இறுக்கி கட்டியிருந்த ரப்பர் பேண்ட் நாலே நாள்ல குறுக்கால பொடிப்பொடியா வெடிச்சு, தொட்டதும் அறுந்துச்சு. ரூம் முழுக்க பழைய ஜெராக்ஸ் கட வாட. அம்மாவுக்கு வறட்டு இருமல், "அந்த சனியன மொதல்ல அணைடா"ன்னு ஒரே சத்தம். கலிஃபோர்னியாவுல 2010ல இருந்து வீட்டு ஏர் கிளீனர்ல ஓசோன் 0.05 பிபிஎம் (பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு) தாண்டக்கூடாது. இந்த டப்பால ஓசோன் எவ்ளோன்னு ஒரு நம்பர் கூட இல்ல, அயானுக்கு மட்டும் கோடி கணக்கு.

ரிட்டர்ன் கேட்டேன், நாள் தாண்டிருச்சாம்.

கடைசில பிளம்பர் வந்து பாத்தா யாரும் புழங்காத மூலையில ட்ராப்ல (தண்ணி தேங்கி சாக்கட காத்த தடுக்குற வளைவு) தண்ணி வத்திக் கெடந்திருக்கு, சாக்கட காத்து நேரா மேல வருது. ரெண்டு மக்கு தண்ணி ஊத்துனாரு, சாயங்காலத்துக்குள்ள நாத்தம் போச்சு. 150 ரூவா வாங்குனாரு, அவருக்கு 5 ஸ்டார்.