ட்வின் டிப் ஸ்கீயில் பைண்டிங்கை எங்கே பூட்டுவது: இரண்டு சோடி ஓட்டிப் பார்த்த அனுபவம்

திருகோணமலையில் இருந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள், பரவாயில்லை. உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் சுவிஸிலோ நோர்வேயிலோ கனடாவிலோ ஆள் இல்லாத வீடு குறைவு. ஆகஸ்ட் லீவுக்கு வரும் பிள்ளைகள் நிலாவெளியில் குளித்துவிட்டு வந்து விறாந்தையில் இருந்து கதைப்பதில் பாதி ஸ்கீ கதைதான். சுவிஸ் பள்ளிகளில் பனிக்காலத்தில் ஒரு வாரம் மலைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிவிடுகிறார்கள், தாய் தகப்பனுக்குத் தெரியாத சங்கதியெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. இந்த முறை அண்ணாவின் மகன் புது ட்வின் டிப் (இரண்டு முனையும் மேலே வளைந்த ஸ்கீ) வாங்கிவிட்டு, பைண்டிங் (சப்பாத்தை ஸ்கீயில் பிடித்துவைக்கும் சாமான்) பூட்டாமலே வந்து நிற்கிறான். “சித்தப்பா, வீடியோவில எல்லாரும் சென்டர்லதான் பூட்டணும் எண்டு சொல்லுறாங்க, கடைக்காரர் கோட்டிலதான் பூட்டுவன் எண்டுறார், எது சரி?”

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். சப்பாத்தின் நடு இங்கே வரவேண்டும் என்று கம்பனி ஸ்கீயில் போட்ட கோட்டிலிருந்து தொடங்கு, பார்க்கில் (குதிக்கவும் கம்பிகளில் வழுக்கவும் அமைத்த இடத்தில்) அதிகம் ஓடுவாயானால் ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் இரண்டு முன்னுக்குப் போ, அதற்கு மேல் போகாதே. சரியான நடு என்பது பார்க்கை விட்டு வெளியே வராத ஆட்களுக்கு.

நான் லூசர்னில் இருந்த காலத்தில் இரண்டு சோடி ட்வின் டிப் ஓட்டினேன். ஒன்று 171 சென்டிமீட்டர், பழசாக வாங்கியது, முன்பு வைத்திருந்தவர் முழுக்க முழுக்கப் பார்க் ஆள் என்பதால் அச்சொட்டாக நடுவில் பூட்டியிருந்தது. மற்றது 178, இடுப்பு (ஆக ஒடுங்கிய இடத்தின் அகலம்) 96 மில்லிமீட்டர், புதிது, இடத்தை நானே தெரிந்தெடுத்துப் பூட்டுவித்தது, மேலே மார்க்கர் கிரிஃபன் பைண்டிங். பார்க்கில் குதிக்கவும் ரெயிலில் வழுக்கவும் லாக்ஸுக்குப் போவோம், மற்ற நாட்களில் பக்கத்தில் இருக்கும் ஏங்கல்பர்க்தான், அங்கே புதுப்பனி விழுந்த காலைகளில் பாதையை விட்டு வெளியே.

இரண்டு முனையும் மேலே வளைந்த இந்த வகை ஸ்கீ பெருவாரியாக வந்தது 1998இல் சலமன் கம்பனி விட்ட டென்எய்ட்டி ஸ்கீயோடு. மைக் டக்ளஸ் போன்ற கனேடியர்கள் பின்னோக்கிச் சறுக்கவும் பின்னோக்கி இறங்கவும் ஏதுவான ஸ்கீ வேண்டும் என்று கேட்டு உருவானது அது. 2014 சோச்சியில் ஸ்லோப்ஸ்டைல், அதாவது இந்தப் பார்க் ஓட்டத்தின் போட்டி, ஒலிம்பிக்கிலேயே வந்துவிட்டது. பின்வால் வளைந்து நீண்டதோடுதான் பைண்டிங் எங்கே என்ற கேள்வியும் பெரிதானது. பாதையில் மட்டும் ஓடுகிற பழைய வகை ஸ்கீயில் பூட்டின் (ஸ்கீச் சப்பாத்தின்) நடு, ஸ்கீயின் நடுவிலிருந்து 10, 12 சென்டிமீட்டர் பின்னாலேயே இருக்கும், யாரும் விவாதிப்பதில்லை.

சரி, நடு என்றால் எங்கே? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஸ்கீயில் அச்சிட்ட நீளத்தை இரண்டால் பிரித்தால் போதாது, அச்சிட்ட நீளமும் அளந்தால் வரும் நீளமும் பல ஸ்கீகளில் ஒன்றல்ல. என் 178ஐ நுனியிலிருந்து வால்வரை நாடாவை இறுக்கி நேராகப் பிடித்து அளந்தால் 176.6தான் வந்தது. பாதி 88.3. கம்பனியின் கோடு வாலிலிருந்து 83.8இல் இருந்தது, ஆக அது நடுவிலிருந்து 4.5 சென்டிமீட்டர் பின்னால், ஸ்கீக்காரர் பாஷையில் மைனஸ் 4.5. ஒருவர் “நான் மைனஸ் 2இல் ஓடுகிறேன்” என்றால் நடுவிலிருந்து மைனஸ் 2ஆ, கோட்டிலிருந்து மைனஸ் 2ஆ என்று முதலில் கேளுங்கள். இரண்டும் ஒரே ஸ்கீயில் நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். அவர் நாடாவை அடிப்பக்க வளைவோடு ஒட்டி அளந்தாரா நேராக அளந்தாரா என்பதும் கணக்கு.

இனி 171. பார்க்கில் அதைப் போல் சுகம் வேறில்லை. முன்னும் பின்னும் ஒரே நிறை, காற்றில் திரும்பும்போது ஸ்கீ இருப்பதே தெரியாது, பின்னோக்கி இறங்கினால் முன்னோக்கி இறங்கினது போலவே இருக்கும், கொஞ்சம் பின்னால் சாய்ந்து விழுந்தாலும் நீண்ட வால் தாங்கிக்கொள்ளும். ஆனால் அதே சோடியை ஏங்கல்பர்க்கில் முழங்கால் ஆழப் புதுப்பனியில் ஓட்டினால் மூக்கு உள்ளே போகும். உப்புவெளியில் வள்ளத்தில் ஏறுகிற யாருக்கும் இது விளங்கும், ஆட்கள் எல்லாரும் அணியத்தில் போய் இருந்தால் வள்ளம் அலையில் மூக்கைக் குத்தும். அதைத் தடுக்கப் பின்னால் சாய வேண்டும், பின்னால் சாய்ந்தால் தொடை எரியும், மத்தியானத்துக்கு முன்பே கால் சோர்ந்துவிடும். கடினமான பாதையிலும் ஒரு குணம் உண்டு: ஸ்கீயின் இடுப்பு, அதாவது ஆக ஒடுங்கிய இடம், பொதுவாக நடுவிலிருந்து சற்றுப் பின்னால்தான் இருக்கும், நடுவில் பூட்டினால் நீங்கள் அந்த இடத்துக்கு முன்னால் நிற்கிறீர்கள். முழங்காலை முன்னுக்குத் தள்ளிப் பூட்டின் நாக்கை அழுத்தி வளைக்கப் பழகியவர்களுக்கு ஸ்கீ சட்டென்று உள்ளே திரும்பும், வால் விட்டுக்கொடுக்காது. நிமிர்ந்து நின்று இரண்டு காலையும் சமமாக மிதிக்கிறவர்களுக்குத் தொந்தரவு இல்லை. பாணி அது.

178ஐ வாங்கியதும் உடனே துளை போடவில்லை, அதற்குக் காரணம் மச்சான். அவர் அப்போது ஒரு வாடகைக் கடையில் வேலை, அதே ஸ்கீயின் வாடகைச் சோடி அங்கே இருந்தது. வாடகை பைண்டிங் தண்டவாளம் மாதிரியான ரெயிலில் இருக்கும், முன் துண்டையும் பின் துண்டையும் நகர்த்தலாம், அதனால் பூட்டின் நடுவைச் சில சென்டிமீட்டர் முன்னும் பின்னும் கொண்டுபோகலாம். கொஞ்சம் பாரம், கொஞ்சம் உயரம், மிதிக்கும்போது இலேசான ஆட்டமும் உண்டு, ஆனாலும் இடத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அந்தப் பனிக்காலம் முழுக்க அதில்தான் ஓடினேன். மைனஸ் 1இல் 171இன் கதைதான் திரும்ப, நீளம் கூடியதால் புதுப்பனியில் சற்றுத் தேவலாம். மைனஸ் 6இல் புதுப்பனி சொர்க்கம், மூக்கு தானாக மேலே வரும், ஏங்கல்பர்க்கின் லௌப் சரிவில் இறங்கும்போது கால் இருப்பதையே மறந்துவிடலாம். ஆனால் பார்க்கில் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது, காற்றில் சுற்றும்போது இழுக்கிறது, பின்னோக்கி இறங்கினால் வால் குட்டை என்பது உடனே தெரிகிறது. கோட்டில், மைனஸ் 4.5இல், எல்லாம் சரி, எதுவும் பிரமாதமில்லை. நான் பார்க்கில் அதிகம் நிற்கிறவன் என்பதால் ஒரு சென்டிமீட்டர் முன்னால், மைனஸ் 3.5இல், பூட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு இத்தனை பனிக்காலத்திலும் மாற்ற நினைக்கவே இல்லை.

உண்மையைச் சொன்னால் அரை சென்டிமீட்டர் எனக்கு உணரவே முடிவதில்லை. இரண்டு சென்டிமீட்டர் கண்ணை மூடினாலும் தெரியும். இடைப்பட்டதெல்லாம் ஸ்கீயைப் பொறுத்தது. அரை சென்டிமீட்டருக்காக இரவு முழுக்கச் சண்டை பிடிக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அந்த அரை சென்டிமீட்டர் எனக்குத் தற்செயலாகவே வந்தது. எந்த ஸ்கீ பூட்டின் சோலிலும் பக்கவாட்டில் நடுவைக் காட்டும் ஒரு சின்னக் கோடு இருக்கும், அதுதான் ஸ்கீயின் கோட்டோடு சேர வேண்டும். சோலின் நீளம் குதிப்பக்கம் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும். என் பழைய பூட் 315. பிறகு வாங்கியது 305. முன் துண்டு ஸ்க்ரூவில் நிலையாக இருக்கிறது, பின் துண்டை மட்டும் 10 மில்லிமீட்டர் முன்னுக்கு நகர்த்துகிறோம், ஆக பூட்டின் நடு 5 மில்லிமீட்டர் முன்னுக்குப் போய்விட்டது. மைனஸ் 3.5 இப்போது மைனஸ் 3. ஓடிப் பார்த்தேன், வித்தியாசம் பிடிபடவில்லை, விட்டுவிட்டேன். ஆனால் பூட் மாறினால் டின் எண்ணை (விழும்போது பைண்டிங் எவ்வளவு விசையில் பூட்டைக் கழற்றிவிடும் என்ற அளவை) கடையில் திரும்பப் பார்ப்பிக்க வேண்டும், அந்த எண் உயரம், நிறை, வயது, ஓட்டும் விதம் இவற்றோடு சோல் நீளத்தையும் வைத்துத்தான் போடுவது. இதில் சோம்பல் வேண்டாம், முழங்கால் விஷயம்.

துளை போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அண்ணாவின் மகன் “பிடிக்காட்டி அரை சென்டிமீட்டர் தள்ளிப் போடலாம்தானே” என்று சர்வசாதாரணமாகக் கேட்டான். முடியாது. புதுத் துளைக்கும் பழைய துளைக்கும் நடுவிலிருந்து நடுவுக்குக் குறைந்தது 10 மில்லிமீட்டராவது வேண்டும் என்பது பொது விதி, இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து ஸ்க்ரூ பிடிக்காது. தகடு இல்லாத ஸ்கீக்கு 3.5 மில்லிமீட்டர் ட்ரில், உள்ளே உலோகத் தகடு இருந்தால் 4.1, எது என்பது பல ஸ்கீகளின் மேற்புறத்திலேயே எழுதியிருக்கும். ஆழம் 9 மில்லிமீட்டர் சொச்சம், கூடினால் அடிப்பக்கத்தில் புடைக்கும். ஸ்க்ரூ முறுக்குமுன் பசை விட வேண்டும், உள்ளே மரம், தண்ணீர் போனால் ஊறும். பழைய துளைகளை அடைத்துவிட வேண்டும்.

தண்ணீர் என்றதும், 171 சோடி சாமான் பெட்டிகளோடு கப்பலில் திருகோணமலைக்கே வந்துவிட்டது. ஒரு மழைக்காலம் போனது, விளிம்புக் கம்பி முழுக்கச் செம்மண் நிறம். உப்புக் காற்றில் சைக்கிள் செயினே தப்புவதில்லை, இது மட்டும் தப்புமா. ரப்பர்க் கல்லால் தேய்த்து மெழுகு பூசி வைத்திருக்கிறேன். 178 அண்ணா வீட்டில் லூசர்னில், யார் வந்தாலும் எடுத்துக்கொண்டு போகிறார்கள், கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் எவருக்கும் ஒத்துவருகிறது. நடுவில் பூட்டியதைக் கொடுத்திருந்தால் பாதிப் பேர் திருப்பித் தந்திருப்பார்கள்.

அண்ணாவின் மகனின் புது ஸ்கீ மூக்கும் வாலும் ஒரே மாதிரி வளைந்து, ஒரே மாதிரி வளையும் தன்மையோடு செய்தது, கோடே நடுவிலிருந்து மைனஸ் 2 என்றான். அப்படியானால் கோட்டிலேயே பூட்டு, முன்னுக்குப் போக வேலையில்லை என்றேன். பூட்டை இன்னும் வாங்கவில்லையாம். முதலில் அதை வாங்கு, ஸ்கீயின் இடுப்பு 102, பைண்டிங்கின் பிரேக் (கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்தும் கம்பி) அதே அகலமோ 15 மில்லிமீட்டருக்குள் கூடியதோ பார்த்து எடு, பூட்டையும் பைண்டிங்கையும் ஸ்கீயோடு சேர்த்துக் கடைக்குக் கொண்டுபோ, ட்ரில் எடுக்குமுன் பென்சில் கோட்டை நீயே நாடா பிடித்துப் பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.